கேம்பர்வேனில் ஆஸ்திரேலியாவைக் கடக்கப் போறீங்களா? முதலில் சிம் அட்டையை யோசிங்க!

பெர்த்தில் கேம்பர்வேனை எடுத்து அடிலெய்ட் வரை ஓட்டிப் போகலாம். டார்வினில் தொடங்கி, உலுருவை எட்டிப் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கலாம். இப்படியொரு நீண்ட பயணத்துக்குத் திட்டமிடும்போது விமானச் சீட்டு, வண்டி வாடகை, காப்புறுதி என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். சிம் அட்டையை மட்டும் விமான நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் கடையில் வாங்கிக்கொள்வோம்.

சிங்கப்பூரில் பழகியவர்களுக்கு அது இயல்புதான். இங்கே எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் லைன் கிடைக்கும். விலையையும் டேட்டா அளவையும் பார்த்தால் போதும்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் முதல் கேள்வியே வேறு. "நான் போகும் சாலையில் இந்த நிறுவனத்துக்கு லைன் இருக்கா?" வண்டி நடுவழியில் நின்றுபோனால், உதவி ஒரு மணி நேரத்தில் வருமா அடுத்த நாள் வருமா என்பதை அதற்கான பதில் தீர்மானிக்கலாம்.

எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது, எதைக் கவனிப்பது? பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்...

• நகரங்களையும் கிழக்குக் கடற்கரையின் முக்கியச் சாலைகளையும் விட்டு அதிகம் விலகாத பயணம் என்றால், மூன்று பெரிய கட்டமைப்புகளில் எதுவும் பெரும்பாலும் போதும்.

• நல்லர்போர் சமவெளி, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை, கிம்பர்லி வட்டாரம் போன்ற இடங்களுக்கு டெல்ஸ்ட்ராவின் முழுக் கட்டமைப்பைத் தரும் சிம் தேவை.

• வண்டியில் இரண்டு பேர் இருந்தால், இரண்டு வெவ்வேறு கட்டமைப்புகள். அதில் ஒன்று டெல்ஸ்ட்ராவாக இருக்கட்டும்.

• எந்த சிம் வாங்கினாலும் லைனே கிடைக்காத நீண்ட இடைவெளிகள் உண்டு. அதற்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

"98.5 விழுக்காடு" என்றால் என்ன?

ஆஸ்திரேலியாவில் சொந்தக் கைத்தொலைபேசிக் கட்டமைப்பு வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் மூன்று. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடஃபோன் பெயரில் இயங்கும் டிபிஜி. இவற்றில் ஆப்டஸ் நமக்குத் தெரிந்த குடும்பம். 2001-ஆம் ஆண்டு முதல் அது சிங்டெல் நிறுவனத்துக்குச் சொந்தம்.

சேவை எட்டும் அளவு பற்றி மூன்று நிறுவனங்களும் சொல்லும் எண்கள் இவை:

• டெல்ஸ்ட்ரா: 99.7 விழுக்காடு
• ஆப்டஸ்: 98.5 விழுக்காடு
• வோடஃபோன்: 98.4 விழுக்காடு

வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல். "அப்போ எதை வாங்கினாலும் ஒண்ணுதானே?" என்று தோன்றும்.

இங்கேதான் கவனம் வேண்டும். இது மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. நூறு ஆஸ்திரேலியர்களில் எத்தனை பேர் வசிக்கும் இடத்தில் சேவை கிடைக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். ஆஸ்திரேலியர்களில் பெரும்பாலோர் கடற்கரையோர நகரங்களில் வசிக்கிறார்கள். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பன், பெர்த், அடிலெய்ட் என்று கோபுரங்களை வைத்துவிட்டாலே விழுக்காடு மளமளவென்று ஏறிவிடும்.

கேம்பர்வேனில் போகும் நீங்கள் மக்கள் வசிக்காத இடங்களைத்தான் கடக்கப் போகிறீர்கள். உங்களுக்கு வேண்டிய கணக்கு நிலப்பரப்பு.

ஆஸ்திரேலியாவின் மொத்தப் பரப்பளவு சுமார் 7.7 மில்லியன் சதுர கிலோமீட்டர். அதில் சுமார் 3 மில்லியன் சதுர கிலோமீட்டரைத் தன் கட்டமைப்பு எட்டுவதாக டெல்ஸ்ட்ரா சொல்கிறது. ஆப்டஸுக்கும் வோடஃபோனுக்கும் அது தலா சுமார் 1 மில்லியன்.

அதாவது, 98.5 விழுக்காடு என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. மக்கள்தொகைக் கணக்கில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருக்கும் வித்தியாசம், நிலத்தில் 2 மில்லியன் சதுர கிலோமீட்டராக விரிகிறது. சிங்கப்பூரைப் போல 2,700 தீவுகளை அதற்குள் வைத்துவிடலாம்.

அந்த 3 மில்லியனை அப்படியே நம்பலாமா?

முழுசா நம்ப வேண்டாம்.

2025 மே மாதம் வோடஃபோன் ஒரு குற்றச்சாட்டை எழுப்பியது. டெல்ஸ்ட்ரா சொல்லும் 3 மில்லியன் சதுர கிலோமீட்டரில் சுமார் 1 மில்லியன், வாகனத்தின் வெளியே தனியாக ஆண்டெனா பொருத்தினால் மட்டுமே கிடைக்கும் சேவை என்றது. வெளிப்புற ஆண்டெனாவை வைத்தே அந்த அளவு கணக்கிடப்பட்டது என்பதை ஏற்கெனவே தெரிவித்திருப்பதாக டெல்ஸ்ட்ரா பதில் சொன்னது.

வாடகை கேம்பர்வேனில் அப்படிப்பட்ட ஆண்டெனா இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கையில் கைத்தொலைபேசி மட்டும் இருக்கும் பயணிக்கு, டெல்ஸ்ட்ரா எட்டும் அளவு சுமார் 2 மில்லியன் சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. அப்போதும் மற்ற இரண்டையும் போல இரு மடங்கு.

டெல்ஸ்ட்ரா இணையத்தளத்தின் சேவை வரைபடத்தில் ஆண்டெனா இல்லாமல் கிடைக்கும் சேவையும் ஆண்டெனாவோடு கிடைக்கும் சேவையும் தனித்தனி நிறங்களில் இருக்கும். ஆண்டெனா பகுதியை ஒதுக்கிவிட்டு உங்கள் பாதையைப் பாருங்கள். நிறுவனங்களின் வரைபடங்கள் கணினிக் கணிப்பில் உருவானவை என்பதையும் மறக்க வேண்டாம். சாலைகளில் வாகனங்களை ஓட்டி நேரடியாக அளக்கும் தணிக்கைத் திட்டம் ஒன்றை ஆஸ்திரேலிய அரசாங்கம் நடத்துகிறது. அதன் முடிவுகளை இணையத்தில் வரைபடமாகவே பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மலிவான சிம்: கோபுரம் ஒன்று, சேவை வேறு

பேரங்காடிகளிலும் பெட்ரோல் நிலையங்களிலும் மலிவான முன்கட்டண சிம் அட்டைகள் நிறையக் கிடைக்கும். அவற்றை விற்கும் சிறு நிறுவனங்களுக்குச் சொந்தக் கோபுரங்கள் கிடையாது. மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்றின் கட்டமைப்பை வாடகைக்கு எடுத்து நடத்துகின்றன. சிங்கப்பூரிலும் இதே முறை இருப்பதால் இது நமக்குப் புதிதல்ல.

உதாரணத்துக்கு, அமேசிம் ஆப்டஸ் கட்டமைப்பில் இயங்குகிறது. லெபாரா வோடஃபோனில். ஆல்டி மொபைல், வூல்வர்த்ஸ் பேரங்காடியின் சிம், பூஸ்ட் மொபைல் ஆகிய மூன்றும் டெல்ஸ்ட்ராவில்.

டெல்ஸ்ட்ரா விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதன் கட்டமைப்பை வாடகைக்கு எடுக்கும் எல்லாருக்கும் எல்லாக் கோபுரங்களும் திறந்துவிடப்படுவதில்லை. ஆல்டி, வூல்வர்த்ஸ் போன்றவை பெறுவது "மொத்த விற்பனைக் கட்டமைப்பு" எனப்படும் குறைந்த அளவு. மக்கள்தொகைக் கணக்கில் அது 98.8 விழுக்காடு. நிலப்பரப்பில் டெல்ஸ்ட்ராவின் முழு அளவில் பாதியைச் சற்றுத்தான் தாண்டுகிறது.

பூஸ்ட் மொபைல் இதில் விதிவிலக்கு. டெல்ஸ்ட்ராவின் முழுக் கட்டமைப்பையும் தரும் முன்கட்டண சேவை அது. ஆஸ்திரேலியாவைச் சுற்றும் கேரவன் பயணிகள் பலர் அதை விரும்பி வாங்குவதற்கு இதுவே காரணம்.

கடையில் "இது டெல்ஸ்ட்ரா லைனா?" என்று மட்டும் கேட்டால், "ஆமாம்" என்ற பதில்தான் வரும். "முழுக் கட்டமைப்பா, மொத்த விற்பனைக் கட்டமைப்பா?" என்று கேளுங்கள்.

உங்கள் பாதை எது?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. பாதையைப் பொறுத்தே சிம்.

சிட்னி – மெல்பர்ன், கோல்டு கோஸ்ட், பிரிஸ்பன் சுற்று: மூன்றில் எதுவும் சரி. விலையும் டேட்டாவும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஹியூம் நெடுஞ்சாலை போன்ற பெரிய சாலைகளில் லைன் அறுபடுவது குறைவு.

கிரேட் ஓஷன் ரோடு: சுமார் 240 கிலோமீட்டர் நீளம். ஊர்களில் பிரச்சினை இல்லை. ஆட்வே வட்டாரத்தின் மலைகளிலும் அடர்ந்த காடுகளிலும் அங்கங்கே லைன் போய்விடும். அன்றைய வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

பெர்த்துக்குத் தெற்கே: மார்கரெட் ரிவர் வரை கவலை வேண்டாம். அதைத் தாண்டி உயரமான காரி மரக் காடுகள் வழியாக ஆல்பனி போவதென்றால், டெல்ஸ்ட்ரா கூடுதல் பாதுகாப்பு.

டாஸ்மேனியா: ஹோபார்ட், லான்செஸ்டன் பக்கம் எதுவும் சரி. மேற்குக் கடற்கரைக்கும் கிரேடில் மலைக்கும் போனால் டெல்ஸ்ட்ரா.

நல்லர்போர்: நார்ஸ்மன் ஊரிலிருந்து போர்ட் அகஸ்டா வரை ஐர் நெடுஞ்சாலையின் நீளம் 1,600 கிலோமீட்டருக்கு மேல். பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையில் 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை. இங்கே சேவை தீவுகளைப் போலத்தான் இருக்கும். ரோட்ஹவுஸ் எனப்படும் சாலையோர நிறுத்தங்களின் சுற்றுவட்டாரத்தில் லைன் வரும். கொஞ்ச தூரத்தில் போய்விடும். டெல்ஸ்ட்ரா முழுக் கட்டமைப்பு இல்லாமல் இந்தப் பாதையில் இறங்க வேண்டாம்.

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை: டார்வினிலிருந்து போர்ட் அகஸ்டா வரை 2,700 கிலோமீட்டருக்கு மேல். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கேத்ரின், கூபர் பீடி, உலுருவுக்கு அருகிலுள்ள யுலாரா போன்ற இடங்களில் லைன் உண்டு. நடுவில் நீண்ட மௌனம். கூபர் பீடிக்கும் கிளெண்டம்போவுக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் நிலையம்கூடக் கிடையாது.

"000 அழைத்தால் எந்தக் கோபுரமும் எடுக்குமே?"

எடுக்கும். ஆஸ்திரேலியாவின் அவசர எண் 000. உங்கள் நிறுவனத்துக்கு லைன் இல்லாத இடத்தில் வேறு நிறுவனத்தின் கோபுரம் இருந்தால், அதன் வழியாக 000 அழைப்பு போகும். திரையில் "அவசர அழைப்பு மட்டும்" அல்லது "எஸ்ஓஎஸ்" என்று காட்டுவது அதைத்தான். கைத்தொலைபேசியிலிருந்து 112 என்று அழைத்தாலும் அதே சேவைக்குப் போகும்.

"அப்புறம் எதுக்கு டெல்ஸ்ட்ரா?" என்று நீங்கள் கேட்கலாம்.

நெடுஞ்சாலையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை 000 அழைக்கும் ரகமல்ல. டயர் வெடிக்கும். பேட்டரி இறங்கிவிடும். மாலை மங்கிய நேரத்தில் கங்காரு குறுக்கே பாய்ந்து முன்பக்கம் நசுங்கும். யாருக்கும் காயமில்லை, ஆனால் வண்டி நகராது. அப்போது நீங்கள் அழைக்க வேண்டியது வாடகை நிறுவனத்தின் சாலையோர உதவிச் சேவையை. அது சாதாரண அழைப்பு. உங்கள் சிம்முக்குச் சொந்த லைன் இருந்தால்தான் போகும். பக்கத்திலேயே டெல்ஸ்ட்ரா கோபுரம் இருந்தாலும், உங்கள் கையிலிருக்கும் ஆப்டஸ் சிம்மில் அந்த அழைப்பு போகாது.

000 சேவையும் எப்போதும் தடங்கலில்லாமல் கிடைத்துவிடவில்லை. 2025 செப்டம்பர் 18-ஆம் தேதி ஆப்டஸ் கட்டமைப்பில் ஏற்பட்ட கோளாற்றால் தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, வட மண்டலம் ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான 000 அழைப்புகள் போய்ச் சேரவில்லை. உயிரிழப்புகள் சில அந்தத் தடங்கலுடன் தொடர்புபடுத்தப்பட்டன. கோபுரங்கள் வேலை செய்வது போலவே காட்டியதால், கைத்தொலைபேசிகள் வேறு கட்டமைப்பைத் தேடிப் போகவில்லை.

அப்படியொரு நேரத்தில் வேறு நிறுவனத்தின் சிம் போட்ட இன்னொரு கைத்தொலைபேசி பக்கத்தில் இருந்தால், அதிலிருந்து அழைக்கலாம்.

இரண்டு பேர், இரண்டு கட்டமைப்பு

ஆகவே நண்பர்கள் நான்கு பேர் போனாலும், எல்லாரும் ஒரே சலுகையில் ஒரே சிம் வாங்காதீர்கள்.

பிரித்து வாங்கும்போதும் ஒரு கவனம் தேவை. 2025 ஜனவரி முதல், நகரங்களுக்கு வெளியே வோடஃபோன் ஆப்டஸின் வட்டாரக் கட்டமைப்பைப் பகிர்ந்துகொள்கிறது. ஒருவர் ஆப்டஸ், இன்னொருவர் வோடஃபோன் என்று பிரித்துக்கொண்டால், உட்பகுதியில் இருவரும் பெரும்பாலும் ஒரே கோபுரத்தைத்தான் நம்பியிருப்பீர்கள். பூஸ்ட் அல்லது டெல்ஸ்ட்ரா ஒன்று, ஆப்டஸ் அல்லது வோடஃபோன் குடும்பத்தில் ஒன்று. இப்படிப் பிரித்தால்தான் பயன்.

தனியாகப் போகிறீர்களா? இரண்டு சிம் பொருத்தக்கூடிய கைத்தொலைபேசி இருந்தால், ஒன்றில் டெல்ஸ்ட்ரா, மற்றதில் ஆப்டஸ் கட்டமைப்பைப் பயன்படுத்தும் ஏதாவது ஒரு மலிவான சேவை.

ரோமிங்கா, பயண இ-சிம்மா, உள்ளூர் சிம்மா?

ரோமிங்: வசதியானது. உங்கள் சிங்கப்பூர் எண்ணே இருக்கும். ஆனால் உங்கள் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் எந்தக் கட்டமைப்போடு ஒப்பந்தம் வைத்திருக்கிறதோ அதுதான் கிடைக்கும். புறப்படும் முன் அதன் இணையத்தளத்தில் பாருங்கள். டெல்ஸ்ட்ரா இல்லையென்றால், உட்பகுதிப் பயணத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

பயண இ-சிம்: செயலியில் வாங்கி சில நிமிடங்களில் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலானவை டேட்டா மட்டுமே தரும். தொலைபேசி எண் கிடைக்காது. வாட்ஸ்அப் போதும் என்று நினைத்தால், நெடுஞ்சாலையில் சிரமப்படுவீர்கள். ரோட்ஹவுஸ், கேரவன் பார்க், சாலையோர உதவி எல்லாம் இன்னும் தொலைபேசி அழைப்பில்தான் நடக்கின்றன. எந்தக் கட்டமைப்பில் இயங்குகிறது என்பதையும் இ-சிம் விவரத்தில் தேடிப் படியுங்கள்.

உள்ளூர் முன்கட்டண சிம்: நீண்ட பயணத்துக்கு ஏற்றது. ஆஸ்திரேலிய எண் கிடைக்கும். இயக்கிவைக்கும்போது அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால் கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள். நகரத்தில் இருக்கும்போதே இயக்கி, ஓர் அழைப்பு செய்து பார்த்துவிடுங்கள். லைன் இல்லாத ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு சிம்மை இயக்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் 13, 1300, 1800 என்று தொடங்கும் சேவை எண்கள் நிறைய. வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைத்தால் அவை எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ரோமிங்கில் போகிறவர்கள், +61 என்று தொடங்கும் முழு எண்ணை வாடகை நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

உள்ளூர் சிம் போட்டாலும் சிங்கப்பூர் சிம்மைக் கழற்றிவிட வேண்டாம். அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளுக்கு அது தேவைப்படும்.

உங்கள் கைத்தொலைபேசி அங்கே வேலை செய்யுமா?

சரியான சிம் வாங்கியும் லைன் இல்லாமல் போக ஒரு காரணம் உண்டு.

ஆஸ்திரேலியாவில் 3ஜி சேவை முடிவுக்கு வந்துவிட்டது. வோடஃபோன் 2024 தொடக்கத்தில் நிறுத்தியது. டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 2024 அக்டோபர் 28-ஆம் தேதி நிறுத்தத் தொடங்கின. இப்போது குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போகும். அந்த வசதிக்கு வோல்டிஈ என்று பெயர்.

சில பழைய கைத்தொலைபேசிகளும், வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரான சில மாடல்களும் 4ஜியில் டேட்டாவைப் பிடிக்கும்; ஆனால் ஆஸ்திரேலியக் கட்டமைப்பில் 000 அழைக்க முடியாது. அப்படிப்பட்ட கருவிகளுக்குச் சேவை வழங்கக்கூடாது என்று அந்நாட்டு விதி சொல்கிறது. நம் ஊரில் நன்றாக வேலை செய்த கைத்தொலைபேசி, ஆஸ்திரேலிய சிம் போட்டதும் முடக்கப்படலாம்.

2025 அக்டோபரில் இன்னொரு தகவலும் வந்தது. பழைய சாம்சுங் மாடல்கள் சில, வோடஃபோன் கட்டமைப்பு மட்டுமே கிடைக்கும் இடத்தில் 000-ஐத் தொடர்புகொள்ள முடியாதவை என்று தெரியவந்தது. பலவற்றுக்கு மென்பொருளைப் புதுப்பித்தாலே போதும்; சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை மூன்று:

• கைத்தொலைபேசி மென்பொருளைப் புறப்படும் முன் புதுப்பியுங்கள்.

• *#06# என்று அழுத்தினால் கருவியின் ஐஎம்இஐ எண் தெரியும். சிம் வாங்கும் நிறுவனத்திடம் அதைக் கொடுத்து, 4ஜி குரல் அழைப்புக்கும் 000-க்கும் ஏற்றதா என்று கேளுங்கள்.

• 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதாவது 4ஜி பேண்ட் 28, கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த அலைவரிசை வெகுதூரம் போகும். நகரத்துக்கு வெளியே உங்களை எட்டுவது பெரும்பாலும் அதுதான்.

லைனே இல்லாத இடத்தில்?

மூன்று கட்டமைப்பும் இல்லாத இடத்தில் 000-வும் இல்லை. நல்லர்போரிலும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையிலும் இது சர்வ சாதாரணம். கைத்தொலைபேசிக்கு மாற்றாக என்ன இருக்கிறது?

துணைக்கோள வசதி: ஐஃபோன் 14 முதலான மாடல்களில் துணைக்கோளம் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி, ஆஸ்திரேலியாவில் 2023 மே முதல் இருக்கிறது. அதற்கு சிம் தேவையில்லை. திறந்த வானம் தேவை. டெல்ஸ்ட்ரா 2025 ஜூனில் துணைக்கோளக் குறுஞ்செய்திச் சேவையைத் தொடங்கியது. குறிப்பிட்ட மாதாந்தரத் திட்டங்களுக்கும் குறிப்பிட்ட கைத்தொலைபேசிகளுக்கும் அறிமுகமான சேவை அது. முன்கட்டண சிம் வாங்கும் பயணிகள், தங்களுக்கு அது கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிடைத்தாலும் 000-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாது.

பிஎல்பி கருவி: இருப்பிடத்தைத் துணைக்கோளம் வழியாக மீட்புப் பணியினருக்கு அனுப்பும் சிறிய கருவி. உள்ளங்கைக்குள் அடங்கும். ஆஸ்திரேலியக் கடல்துறைப் பாதுகாப்பு ஆணையத்திடம் இலவசமாகப் பதிவு செய்யலாம். சில இடங்களில் வாடகைக்கும் கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இயக்க வேண்டியது.

யுஎச்எஃப் வானொலி: லாரி ஓட்டுநர்கள் பயன்படுத்துவது. நெடுஞ்சாலைப் பேச்சுக்கு 40-ஆம் அலைவரிசை, கேரவன் பயணிகளுக்கு 18, அவசரத்துக்கு மட்டும் 5. வண்டி எடுக்கும்போதே இந்த வானொலி இருக்கிறதா என்று கேளுங்கள். பல கிலோமீட்டர் தூரத்தில் வரும் லாரியைக்கூட அதில் கூப்பிடலாம்.

பொதுத் தொலைபேசி: நம்ப மாட்டீர்கள், இது இன்னும் உயிரோடு இருக்கிறது! டெல்ஸ்ட்ராவின் பொதுத் தொலைபேசிகளில் உள்நாட்டு அழைப்புகள் 2021 ஆகஸ்ட் முதல் இலவசம். ரோட்ஹவுஸ் பலவற்றிலும் ஒன்று நிற்கும்.

எதுவுமே இல்லை என்றால், வண்டியை விட்டு நடக்காதீர்கள். நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன. தேடி வருபவர்களின் கண்ணில் சுலபமாகப் படுவதும் வண்டிதான்.

புறப்படும் முன் ஒரு சரிபார்ப்பு

1. பாதையை வரைபடத்தில் போட்டு, லைன் இல்லாத பகுதிகள் எத்தனை கிலோமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. மொத்தப் பாதைக்கும் இணையமில்லா வரைபடத்தை இறக்கி வையுங்கள். பாட்டு, படம் எல்லாம் அப்புறம்.

3. எமர்ஜென்சி பிளஸ் செயலியைப் பதிவிறக்குங்கள். ஆஸ்திரேலிய அவசரச் சேவைகளின் இலவசச் செயலி அது. நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டும். "எங்கே இருக்கீங்க?" என்று 000 கேட்கும்போது படித்துச் சொல்லிவிடலாம்.

4. வண்டியில் ஓடும்போதே மின்னேற்றம் செய்யக் கம்பி, தனியாக ஒரு பவர் பேங்க். சிக்னல் தேடித் தேடியே பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

5. வீட்டில் ஒருவரிடம் அன்றாடப் பாதையைச் சொல்லிவிடுங்கள். "இன்று மாலை ஆறு மணிக்குள் யூக்லாவிலிருந்து கூப்பிடுவேன். இரவு பத்து வரை வரலைன்னா, இந்த எண்ணுக்குப் பேசுங்க" என்று நேரமும் எண்ணும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "போய்ட்டு மெசேஜ் பண்றேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், லைன் இல்லாத முதல் இரவிலேயே அம்மா தூங்க மாட்டார். உண்மையிலேயே உதவி தேவைப்படும்போது யாரை அழைப்பது என்றும் அவருக்குத் தெரிந்திருக்காது.

6. வாடகை நிறுவனம், சாலையோர உதவி, காப்புறுதி ஆகியவற்றின் எண்களைத் தாளில் எழுதி, வண்டியின் முன்பக்கம் வைத்துவிடுங்கள். கைத்தொலைபேசி அணைந்துபோனால், ரோட்ஹவுஸ் வாசலில் நிற்கும் அந்தப் பொதுத் தொலைபேசியிலிருந்து அழைக்க அந்தத் தாள் உதவும்.